மரத்துப்போன செல்கள்

குன்றத்தூர்
3 நவம்பர் 2025

அன்புள்ள டில்லிபாபு,

உன் லேபில் உன்னை நீங்கள் என்கிறேன், வீட்டில் நீ என்கிறேன். இது வீட்டு மேசையில் எழுதும் கடிதம் என்பதால் நீ என்றே எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே.

ஒரே கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை உன் அறைக்கு வந்தேன். நீ போனில் இருந்தாய். மறுபடி வந்தேன். "சொல்லுங்க மாமா, சீக்கிரம்" என்றாய். அந்தச் 'சீக்கிரம்' காதில் விழுந்ததும் நான் தயார் செய்து வந்த வாக்கியம் கலைந்துவிட்டது. அப்புறம் கதவுவரை வந்து திரும்பிப் போனேன். இத்தனை வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவனுக்கு மச்சினன் முன்னால் பேச்சு வரவில்லை என்றால் வெட்கம்தான். வகுப்பில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள் என்பதால் அங்கே தப்பித்தேன் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி புண்ணில் ஒட்டச் செய்திருக்கும் தீக்காயத் தாளின் சோதனை ரிப்போர்ட்டில், குவாலிட்டி அதிகாரி என்ற முறையில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். மறக்கவில்லை.

உனக்குத் தெரிந்ததையே வரிசையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வரிசை விட்டால் எனக்கே குழம்பும். தவிர, உன் அக்கா மரகதம் இதைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொண்டுவருவாள். உறையை ஒட்டக்கூடாது என்று உத்தரவு.

சுண்டெலியின் தொடை எலும்பை இரு முனையிலும் வெட்டி, ஊசியால் திரவம் பாய்ச்சி, மஜ்ஜையை வெளியே தள்ளுகிறோம். அதை ஊட்டநீரில் ஒரு வாரம் வளர்த்தால், தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு மேக்ரோஃபேஜ் செல்கள் ஆகின்றன. உடம்புக்குள் அந்நியப் பொருள் வந்தால் விழுங்குவதும், அபாயம் என்று குரல் கொடுப்பதும் இவற்றின் வேலை. அந்தச் செல்கள்மீது தீக்காயத் தாளை வைத்தோம். அவை குரல் கொடுக்கவில்லை. ஆகவே தாள் பாதுகாப்பானது, அடுத்த மாதம் மருத்துவமனையில் நோயாளிகளின் புண்ணில் ஒட்டிப் பார்க்கலாம் என்கிறது நம் ரிப்போர்ட்.

ஆனால் செல்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பாசிட்டிவ் கன்ட்ரோலைப் பார். நிச்சயமாகக் கத்தவைக்கும் என்று தெரிந்த கிருமி நஞ்சை வழக்கமான அளவில் கொடுத்தபோதும் அவை முனகக்கூட இல்லை. பத்து மடங்கு கொடுத்த பிறகுதான் ஏதோ சத்தம் வந்தது. அதை 'சரி' என்று குறித்திருக்கிறோம். காது கேளாதவர் பின்னால் மணியடித்துப் பார்த்து, அவர் திரும்பாததால் மணியில் சத்தமே இல்லை என்று எழுதிக்கொடுப்பது போல இருக்கிறது.

நான் தவறாகவும் இருக்கலாம். புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன், அப்படியும் இருக்கலாம். "சோதனை செல்லாது, மறுபடி செய்யவேண்டும்" என்று கம்பெனிக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். ஊட்டநீரில்தான் எனக்குச் சந்தேகம்.

அன்புடன்,
வனமாமலை

*

ஒரகடம்
5.11.2025

மாமாவுக்கு,

அக்கா கவரை நீட்டி, "உங்க மாமா லவ் லெட்டர் குடுத்து அனுப்பிகீறார், பதில் வாங்கினு வரச் சொன்னார்" என்றாள். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நேராகவே எழுதுகிறேன். உங்கள் அளவுக்கு எனக்கு அழகாக வராது.

இந்த ஆர்டரைப் பிடிக்க நான் எத்தனை நாள் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரகடத்தில் சுற்றிலும் கார் கம்பெனி, கண்ணாடிக் கம்பெனி. நடுவில் எலி எலும்பை உடைக்கிற கம்பெனி என்று சொந்தக்காரனே கிண்டல் செய்தான். இந்த ரிப்போர்ட் போனால் அடுத்த வருஷம் முழுக்க அவர்கள் வேலை நமக்குத்தான். போகாவிட்டால் ஜாஸ்மினுக்கும் மற்ற லேப் பிள்ளைகளுக்கும் நான் என்ன சொல்வது? "எங்க மாமாவுக்கு டவுட்டு வந்துடிச்சி, நாளைலேர்ந்து வராதீங்க" என்றா?

ஊட்டநீர் என்கிறீர்கள். சரி, மறைக்க எதுவும் இல்லை. ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நீங்கள் வெளியே சுண்டல் மடித்துக்கொண்டிருந்தீர்கள். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டுதான் இந்த ஆர்டர் கிடைத்தது. அங்கிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை இன்குபேட்டருக்குள் அடியில் இருக்கிற தண்ணீர்த் தட்டில் நானே என் கையால் ஊற்றினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, உள்ளே ஊட்டநீர் சுரக்கும் செல்கள் வளர்ந்துகொண்டிருந்த குடுவைகள் லேசாகக் கலங்கியிருப்பதாக ஜாஸ்மின் சொன்னாள். கொட்டிவிடலாமா என்று கேட்டாள். அத்தனையும் கொட்டினால் வேலை தள்ளிப்போகும். நான்தான் ஃபில்டரில் வடிகட்டச் சொன்னேன். கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. ஒரு கிருமி தாண்டாத ஃபில்டர் அது, உங்களுக்குத் தெரியாததா? கிருமி வளர்க்கும் தட்டில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் முளைக்கவில்லை.

இப்போது முருகன் தீர்த்தத்தால்தான் கெட்டது என்று எழுதப்போகிறீர்களா?

இன்னொன்று. எலிகளைக் கொல்லும் நாளில் நீங்கள் மதியம் சாப்பிடுவதில்லை. எல்லோருக்கும் தெரியும். இப்போது மறுபடி செய் என்கிறீர்கள். மறுபடி என்றால் மறுபடி எலிகள். அதை நினைத்தீர்களா?

திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்.

டில்லி

*

குன்றத்தூர்
9 நவம்பர் 2025

அன்புள்ள டில்லிபாபு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் படித்தபோது கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. நீ உழைத்ததும் தெரியும், அந்தப் பிள்ளைகளின் நிலைமையும் தெரியும். பேனாவை எடுத்தும்விட்டேன். பிறகு 'வடிகட்டினோம், தெளிந்துவிட்டது' என்ற இடத்துக்கு வந்து நின்றேன்.

தீர்த்தத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதே கோயிலில் கிருத்திகைக்குக் கிருத்திகை கைநீட்டி வாங்கிக் குடிக்கிறவன் நான். எந்தத் தண்ணீரையும் உடம்புச் சூட்டில் ஒரு வாரம் மூடி வைத்தால் அதில் கிருமி பெருகும். அது தண்ணீரின் குற்றம் அல்ல, இன்குபேட்டருக்குள் ஊற்றியது குற்றம். நீ ஊற்றினாய் என்பதற்காக அதை வேறு பெயர் சொல்லி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஃபில்டர் கிருமியைத்தான் நிறுத்தும். செத்த கிருமியின் மேலோட்டிலிருந்து கரைந்துவரும் நஞ்சை நிறுத்தாது. அது தெளிந்த நீரில் தெளிவாகவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தட்டில் முளைக்காது. நம் மஜ்ஜைச் செல்கள் பிறந்ததிலிருந்து ஒரு வாரம் அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தே வளர்ந்திருக்கின்றன. அப்படி வளர்ந்தவை மரத்துப்போகும். பிறகு எதை வைத்தாலும் குரல் கொடுக்காது. அவை அமைதியாக இருந்ததற்குத் தாள் நல்லது என்று அர்த்தம் இல்லை. கெட்டது என்றும் அர்த்தம் இல்லை. நமக்குத் தெரியாது என்று மட்டும்தான் அர்த்தம்.

எலிகளைப் பற்றிக் கேட்டாய். அந்தக் கேள்வி வலித்தது, வலிக்கவேண்டும் என்றுதான் கேட்டிருப்பாய். அவற்றைக் கொன்றுவிட்டு, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமலே விட்டிருக்கிறோம். எனக்கு அதுதான் பெரிய பாவமாகத் தெரிகிறது. தவிர, புதிதாக எலி வேண்டியதில்லை. எடுத்த மஜ்ஜையில் ஒரு பங்கைத் திரவ நைட்ரஜனில் உறையவைப்பது நம் வழக்கம். அது இருக்கிறது. நல்ல ஊட்டப்பொருளை வெளியில் வாங்கி, அதை வைத்து வளர்த்துப் பார்.

உன் அக்கா இரண்டு கடிதங்களையும் படித்துவிட்டு, "இன்னாங்க, எலி எலும்புக்குள்ள கீற சமாச்சாரத்துக்கா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிவச்சிகினு கீறீங்க?" என்றாள். நான் தீக்காயத்தைப் பற்றிச் சொன்னேன். தோல் இல்லாத இடத்தில் ஒட்டப்போகிறார்கள், அங்கே தடுக்க ஒன்றும் இருக்காது என்றேன். உன் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "எங்க டில்லி புடிச்சா புடிதான். நீங்க இன்னிக்கி வரைக்கும் எதையாச்சும் புடிச்சிக்கீறீங்களா?" என்று கேட்டாள். திட்டினாளா, ஏற்றிவிட்டாளா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை நாளைதான். கையெழுத்துப் போடமாட்டேன்.

இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது. ஆனாலும் அடிக்கப்போவதில்லை.

வனமாமலை

*

ஒரகடம்
13.11.2025

மாமாவுக்கு,

நாளையிலிருந்து கேட்டில் உங்கள் கார்டு வேலை செய்யாது. நம் லேப் மணிகண்டபிரபுவிடமும் எம்.எஸ்சி. இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. அவன் கையெழுத்துப் போடுவான்.

ஒரு சிக்கல், மறைக்காமல் எழுதுகிறேன். லேபுக்கு அங்கீகாரம் வாங்கியபோது குவாலிட்டி அதிகாரி என்று உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம். பெயரை மாற்ற உங்கள் ராஜினாமாக் கடிதம் வேண்டும். நாலு வரி போதும். வயது, உடல்நிலை என்று ஏதாவது எழுதுங்கள். அக்காவிடம் கொடுத்து அனுப்புங்கள். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு நான் வேலை கொடுத்தேன் என்று சொல்லிக்காட்டப் போவதில்லை. சொல்லிக்காட்டிவிட்டேன், சரி, இருக்கட்டும்.

கம்பெனிக்காரன் தினமும் போன் செய்கிறான். நேற்று, "இன்னா சார், ரிப்போர்ட் ரெடியா, இல்ல உங்க லேபு எலி தூக்கினு பூட்சா?" என்று கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வேன்? எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு எழுபது வயசில் வீரம் வந்துவிட்டது என்றா?

பயந்த மனுஷன் என்றுதான் உங்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். அதுதான் உண்மை.

ராஜினாமா வேண்டும்.

டில்லி

*

ஒரகடம், லேப் வாசல்
20 நவம்பர் 2025

அன்புள்ள டில்லிபாபு,

இதை உன் கேட்டிலிருந்தே எழுதுகிறேன். ஜன்னலில் வந்து நின்றால் என் குடை தெரியும். நீ ஏற்கெனவே பார்த்தாய் என்றும், திரையை இழுத்துவிட்டாய் என்றும் கேள்விப்பட்டேன்.

ராஜினாமாக் கடிதம் எழுதமாட்டேன். ராஜினாமா செய்யாதவன் வேலைக்கு வரவேண்டும் என்பதால் வருகிறேன். கார்டு வேலை செய்யவில்லை, அதனால் உள்ளே வரவில்லை. இதில் விதி மீறல் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் சொல்.

முதல் நாள் மழையில் நின்றுகொண்டிருந்தேன். செக்யூரிட்டி பாண்டிச்செல்வி எட்டிப் பார்த்து, "எதுக்கு ஐயா மழையில நிக்கிய? காய்ச்சல் வந்தா யாரு பாப்பா?" என்றாள். தெற்கே என் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. என்னிடம் பேசினால் உனக்கு வேலை போய்விடும் அம்மா, வேண்டாம் என்றேன். "உள்ள விடக்கூடாதுன்னுதான் சொன்னாவ. உக்காரக்கூடாதுன்னு சொல்லலையே" என்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். இதற்காக அவளை ஒன்றும் செய்துவிடாதே. செய்வதானால் என்னைச் செய்.

பயந்த மனுஷன் என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஷிப்ட் பஸ்கள் வரும் நேரத்தில் எல்லோரும் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு உடம்பு கூசுகிறது. மணிகண்டபிரபு பைக்கை நிறுத்தி, "போய்டுங்க சார், எனக்கே ஒரு மாரி கீது" என்றான். எனக்கும்தான் ஒரு மாதிரி இருக்கிறது தம்பி என்றேன். காலையில் குன்றத்தூரில் பஸ் ஏறும்போது இன்றைக்குப் போகவேண்டாம் என்றே தோன்றுகிறது. ஏறிவிடுகிறேன். பயம் போனபிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் என் ஆயுளில் நடக்காது என்று இப்போதுதான் தெரிகிறது.

நேற்று மரகதம் சாப்பாடு கொண்டுவந்தாள். தம்பிக்காக என்னிடம் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். உன் கட்டடத்தைப் பார்த்தபடி எனக்கு மோர் ஊற்றினாள். "டில்லி சின்ன வயசுல தோத்தான்னா பம்பரத்தையே ஒடச்சி போட்ருவான். அவன் ஒடைக்கிற வரைக்கும் நீங்க ஒக்காந்துனே இருக்கணும், அவ்ளோதான்" என்றாள். பாண்டிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

என் கோரிக்கை பழையதுதான். உறைந்த மஜ்ஜையை எடு. நல்ல ஊட்டத்தில் வளர். கேள். செல்கள் சொல்வதை எழுது. தாள் நல்லது என்று அவை சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். இந்த வாசலிலேயே உன்னிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

என் பெயர் குவாலிட்டி அதிகாரி என்று இருக்கும்வரை வேறொருவர் கையெழுத்தோடு ரிப்போர்ட் போனால், அது செல்லாது என்று கம்பெனிக்கு நான் எழுதவேண்டியிருக்கும். மிரட்டல் இல்லை. முன்கூட்டியே சொல்வது மரியாதை என்று நினைத்தேன்.

வனமாமலை

*

ஒரகடம்
4.12.2025

மாமா,

ரிப்போர்ட்டை அனுப்பவில்லை. மணிகண்டபிரபு பேனாவை மூடிவைத்துவிட்டான். "சார் கேட்டுல ஒக்காந்துனு கீறப்போ நான் எப்டி சார்" என்கிறான்.

உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்த வாரமே வடிகட்டிய ஊட்டநீரில் மிச்சம் இருந்ததைக் கொட்டிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. ஊட்டப்பொருள் வெளியில் ஆர்டர் போட்டேன். போன மாதம் இருபதாம் தேதிவாக்கில் ஜாஸ்மினை வைத்து உறைந்த மஜ்ஜையை எடுத்து வளர்த்தோம். நீங்கள் கீழே குடை பிடித்து உட்கார்ந்திருந்தபோது மேலே அதுதான் நடந்தது. உங்களைப் பொய்யாக்கவேண்டும் என்றுதான் செய்தேன்.

நஞ்சை வழக்கமான அளவில் கொடுத்தோம். செல்கள் கத்தின, மாமா. மெஷின் காட்டுகிற அளவே போதவில்லை. நீங்கள் சொன்னது சரி, பழையவை மரத்துப்போனவைதான்.

அப்புறம் தாளை வைத்தோம். தாளுக்கும் கத்தின. எதுவும் சேர்க்காமல் சும்மா வைத்த தட்டில் சத்தம் ஒன்றும் இல்லை. ஜாஸ்மின் மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான். தாளில் என்ன இருக்கிறதோ, எந்தத் தண்ணீரில் செய்தார்களோ, தெரியவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் மெஷின் அச்சடித்த ரீடிங் தாளையும் இதில் வைத்திருக்கிறேன்.

இப்போது கேளுங்கள். நீங்கள் முதல் கடிதத்தில் ஒரு வரி கேட்டீர்கள். "சோதனை செல்லாது." அதை எழுதிக் கொண்டுவாருங்கள், அப்படியே அனுப்புகிறேன். ஊட்டநீர் கெட்டுவிட்டது, எங்கள் தப்பு என்று நானே ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் வேறு லேபுக்குப் போவார்கள். நமக்கு ஒரு ஆர்டர் போகும், அவ்வளவுதான். பெயர் கெடாது. இரண்டாவது சோதனை அவர்கள் கேட்டு நடந்தது இல்லை, நம் சொந்தச் செலவில் செய்தது. அது நடக்கவே இல்லை.

தாள் கெட்டது என்று எழுதினால் கதையே வேறு. பெரிய இடம். இந்த ரோட்டில் அப்புறம் யாரும் நமக்கு வேலை கொடுக்கமாட்டான்.

கார்டை மறுபடி போட்டுவிட்டேன். உள்ளே வாருங்கள். அக்காவும் இதோடு விடுங்கள் என்றுதான் சொல்வாள், கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்டதைத்தான் கொடுக்கிறேன் மாமா.

டில்லி

*

குன்றத்தூர்
8 டிசம்பர் 2025

அன்புள்ள டில்லிபாபு,

ஆமாம், நான் கேட்டது அந்த ஒரு வரியைத்தான். நீ அதைக் கொடுத்தபோது என் கண் கலங்கியது என்பதும் உண்மை. மரகதமும் நீ சொன்னபடியே, "உடுங்க, அவன் எறங்கி வந்துட்டான்" என்றாள். வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வரியை எழுதிக் கையில் வைத்திருந்தேன்.

அதைக் கேட்டபோது நமக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்தபிறகு தெரியாது என்று எழுதினால், அந்தச் செல்களை வடிகட்டிய நீரில் வளர்த்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் வேறு லேபுக்குப் போவார்கள். அங்கேயும் ஏதோ ஒரு குடுவை கலங்கும், யாரோ ஒருவர் வடிகட்டச் சொல்வார். தாள் தேறிவிடும்.

ரீடிங் தாளை நீ என்னிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். வெறும் வாயால் சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் வைத்தாய். ஏன் வைத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

சனிக்கிழமை ரிப்போர்ட் எழுதினேன். முதல் சோதனை ஏன் செல்லாது என்று எழுதினேன். இன்குபேட்டர் தட்டில் வெளித் தண்ணீர் ஊற்றப்பட்டது, கலங்கிய ஊட்டநீர் வடிகட்டிப் பயன்படுத்தப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. யார், எந்தத் தண்ணீர் என்று இல்லை. அது அறிவியலுக்குத் தேவையில்லை. இரண்டாவது சோதனையையும் அதன் முடிவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத்தில், தாளை ஒட்டிப் பார்க்கப்போகும் மருத்துவமனைக் குழுவுக்கும் ஒரு பிரதி என்று இருக்கிறது. அதைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். கம்பெனிக்கு உரியதை இன்று காலை நானே ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோனேன்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் கவரை வாங்க மறுத்தார். "மெயில்ல அனுப்புங்க சார், பேப்பர்லாம் வாங்கறது இல்ல" என்றார். திரும்பிவிடலாம் என்று கால் திரும்பியது. மேலதிகாரியைக் கூப்பிடுங்கள், அதுவரை நிற்கிறேன் என்றேன். அதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒருவர் வந்தார். நின்றபடியே பிரித்துப் படித்தார். முகம் மாறியது. "இதை எழுதச் சொன்னது யார்? டில்லிபாபு சாருக்குத் தெரியுமா?" என்றார். எழுதியது நான், சோதனையைச் செய்தது அவருடைய லேப் என்றேன். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். புரியவில்லை, எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றார். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்லி, ஒரு பிழையையும் திருத்தினேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

இந்தக் கடிதத்தை மரகதம் உன்னிடம் தரும்முன் அவர்கள் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் இன்று மாலைக்குள் கூப்பிடுவார்கள். கோபப்படுவார்கள், பிறகு நயமாகப் பேசுவார்கள். நீ உன் லேபைக் காப்பாற்றவேண்டும், அது எனக்குத் தெரியும். அதற்காக என்னைப் பற்றி என்ன சொல்லவேண்டுமோ சொல். கிழவன், பிடிவாதக்காரன், எனக்குத் தெரியாமல் செய்துவிட்டான், வேலையை விட்டு நீக்கிவிட்டேன் என்று சொல். நான் எங்கேயும் வந்து மறுக்கமாட்டேன்.

செல்கள் கத்தவில்லை என்று மட்டும் சொல்லாதே. நீயும் கேட்டாய்.

வனமாமலை